பெல்ஜியத்து இரட்டைக்குழல்

பழைய துப்பாக்கி வாங்குவதானால் செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போக வேண்டும். சனி, ஞாயிறில் ஜனங்கள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனதைத் திங்களன்று துடைத்து, விலைச்சீட்டுக் கட்டி, செவ்வாய் கடை திறக்கும்போது அலமாரியில் வைத்திருப்பார்கள். புதன்கிழமைக்குள் நல்லது போய்விடும். இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால் மற்றது விளங்கும் என்றுதான் சொல்கிறேன்.

என் பெயர் வெண்டல் நீமி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். விஸ்கான்சின் குளிரில், உறைந்த சாலையில், என் வண்டியில் வந்த ஒரு குழந்தைக்கும் கீறல் பட்டதில்லை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் வழக்கப்படி மதுக்கடையில் மீன் வறுவல் மட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு கடை சுற்றுவது. அறுபது மைலுக்குள் இருக்கும் அடகுக் கடை, விவசாயச் சாமான் கடை, தூண்டில் கடை எல்லாவற்றிலும் பழைய துப்பாக்கி அலமாரி எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நல்ல பேரம் என்பது பார்க்க அசிங்கமாக இருக்கும். மேல்பூச்சு தேய்ந்திருக்கும், பிடிக் கட்டையில் யாரோ பேனாக்கத்தியால் பெயரைக் கிறுக்கியிருப்பார்கள். அதனால் விலை விழுந்திருக்கும். உள்ளே குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். திருகாணித் தலைகளைப் பார்க்க வேண்டும். அவை சிதைந்திருந்தால் தெரியாதவன் யாரோ திறந்து நோண்டியிருக்கிறான் என்று அர்த்தம், அதைத் தொடக்கூடாது. அவசரப்படக்கூடாது. பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டவும் கூடாது.

லோர்னாவிடம் அது பலிக்காது. எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டிப் போனால் துப்பாக்கி கவுன்ட்டர். அதை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் என் பேருந்தில் வந்தவள். முன் இருக்கையில் உட்கார்ந்து வாயாடிக்கொண்டே வருவாள். எனக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் சரக்கை அலமாரியில் வைக்காமல் கவுன்ட்டருக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்திருப்பாள்.

"வாங்க பெரியவரே. இன்னிக்கும் கையில காசில்லைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கீங்களா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்கற ஆளு காலையில எட்டு மணிக்கா வருவாரு? இந்தாங்க, இதைப் பாத்துட்டு நடிங்க."

ஏப்ரலில் அவள் இடது கையில் கட்டோடு இருந்தாள். படியில் விழுந்ததாகச் சொன்னாள். மே மாதம் படி என்று சொல்வதை விட்டுவிட்டாள். புருஷன் டுவேன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை. அவனும் என் பேருந்தில் வந்தவன்தான். ஒரு ரைஃபிளின் குழலைத் துடைத்துக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தனி வீடு எடுத்துவிட்டதாகவும், அவன் நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருப்பதாகவும், தடை இருக்கும்வரை அவன் துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ முடியாது என்றும் சொன்னாள். ஷெரீஃபின் ஆட்கள் வந்து வீட்டிலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு போனார்களாம்.

நான் கேட்டேன், "ஏழா? அந்த இரட்டைக்குழலும் அதுல சேர்த்தியா?"

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் கழுத்து நெரிபட்ட கதை சொல்றேன், உங்களுக்கு இரட்டைக்குழல் கவலை. அது அவங்கம்மா வீட்டுக் கொட்டகையில கிடக்கு. அதையெல்லாம் யாரு துப்பாக்கின்னு கணக்குல சேக்கறாங்க?"

அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். டுவேனின் பூட்டன் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. பெல்ஜியத்தில் செய்தது, நூற்றிருபது வயதுக்கு மேல் இருக்கும். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி அடித்த குழல். வெளிச்சத்தில் திருப்பினால் மரத்தை அறுத்தால் தெரியும் ரேகை மாதிரி ஓடும். முப்பது வருடங்களுக்கு முன்பு அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் பிறகு அதே மாதிரி ஒன்றை எத்தனையோ கடைகளில் தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை. அதை யாரும் சுடுவதில்லை. இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டால் குழல் பிளந்து, சுடுகிறவன் கையைக் கொண்டுபோய்விடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

டுவேன் என்னைத் தேடி வரவில்லை. நான்தான் போனேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவன் தாயார் வீட்டில் இருந்தான். கொட்டகை வாசலில் உட்கார்ந்து சங்கிலி ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். இரட்டைக்குழலுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் தருகிறேன் என்றேன். அவன் நிமிரக்கூட இல்லை.

"யோவ் வெண்டல், பணத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எந்தக் கடையிலயும் எனக்கு ஒண்ணும் தரமாட்டானுங்க."

"வேற என்ன வேணும்?"

"அது சுடாது. சுடறதா ஒண்ணு கொண்டா. சின்னதா இருக்கணும். கோட்டுப் பையில அடங்கணும்."

"எதுக்கு?"

"குப்பைத் தொட்டிக்குக் கரடி வருதுய்யா."

எங்கள் பக்கம் கரடி உண்டு. ஆனால் கரடிக்கென்று பையில் அடங்குகிற ரிவால்வரை யாரும் கேட்பதில்லை. இவ்வளவு வருடம் துப்பாக்கி பார்த்தவனுக்கு அது தெரியாமலிருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும்.

அடுத்த செவ்வாய் லோர்னாவிடம் போனேன். எங்கோ ஒரு நகரத்துப் போலீஸார் புதியது வாங்கியபோது தள்ளிவிட்ட ரிவால்வர் ஒன்றைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்தாள். உறையில் கிடந்து கிடந்து ஒரு பக்கம் வெளுத்திருந்தது. திருகாணித் தலைகளில் ஒரு கீறலில்லை. அதிகம் சுடப்படாதது என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"என்ன பெரியவரே, கைத்துப்பாக்கிப் பக்கமே வரமாட்டீங்களே?"

"வயசாகுதில்ல. ரைஃபிள் கனமா இருக்கு."

அரசாங்கப் படிவத்தை எடுத்து வைத்தாள். அதில் ஒரு கேள்வி உண்டு. வாங்குகிறவர் தனக்காகத்தான் வாங்குகிறாரா என்று. அவள் அதை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். கேட்டாள். "ஆமா" என்றேன். எத்தனையோ முறை உண்மையாகச் சொன்ன அதே 'ஆமா'தான், குரலில் வித்தியாசமில்லை. போனில் சரிபார்த்தாள், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சீட்டில் முந்நூற்றுப் பத்து என்றிருந்தது. வெளுத்த பக்கத்தைக் காட்டினேன். இருபத்தைந்து குறைத்தாள். பிறகு யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அரைப் பெட்டித் தோட்டாவைப் பைக்குள் போட்டு, "இது என் கணக்கு. வீட்டுல தனியா இருக்கீங்க, பத்திரம்" என்றாள்.

அன்று மத்தியானமே கொட்டகையில் மாற்றிக்கொண்டோம். இரட்டைக்குழல் ஒரு கோணிக்குள் இருந்தது. வலது குழலின் வாயருகே கொஞ்சம் துரு, கட்டை முழுசு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டுவேன் ரிவால்வரின் சுழல் அறையைத் திறந்து மூடிக்கொண்டே, "கடையை இப்ப அவதான் பூட்டறாளா?" என்றான்.

"வியாழக்கிழமை மட்டும். முதலாளி அன்னிக்குச் சீக்கிரம் போயிருவாரு."

"வண்டி?"

"பின்னாடி நிறுத்துவா."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். கோணியைச் சுற்றி வண்டியில் வைப்பதில் கவனமாக இருந்தேன். பேச்சு வளர்ந்தால் மனசு மாறிவிடுவானோ என்று இருந்தது.

புதன்கிழமை துரு எடுக்கும் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். லோர்னா கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் அருகே நின்றாள். அவள் அப்படி வருவது வழக்கமில்லை.

"வெண்டல், நீங்க நாலு கடைக்குப் போறவரு. டுவேன் எங்கேயாவது துப்பாக்கி தேடினான்னு காதுல விழுந்துச்சா? விழுந்தாச் சொல்லுங்க. நான் தெற்கே அக்கா வீட்டுக்குப் போயிருவேன். பையெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன்."

பெரியவரே என்று கூப்பிடவில்லை. அதை அப்போதே கவனித்தேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் உங்களுக்குப் போன் செய்திருப்பாள். நீங்கள் அவனிடம் போயிருப்பீர்கள், அவனிடமிருந்து என்னிடம் வந்திருப்பீர்கள். இரட்டைக்குழல் என் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அது என்னிடம் வந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

"ஒண்ணும் கேள்விப்படலைம்மா" என்றேன். அவளுக்கு மூச்சு வந்தது. எண்ணெய்க்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அது அடிக்கடி கேட்கிற சத்தமில்லை. கடைத்தெருப் பக்கம் போய் நின்றது. எங்கே, யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது. வலது குழலை முடித்துவிட்டு இடது குழலை எடுத்திருந்தேன். பஞ்சை எண்ணெயில் தோய்த்து, ரேகை போகும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கெட்டுவிடும்.

நான் உங்களைக் கூப்பிட்டது மறுநாள் மத்தியானம். ஏன் அன்றைக்கே கூப்பிடவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். லோர்னாவைச் சுட்டுவிட்டு டுவேன் இரவு முழுக்கக் காட்டில் திரிந்தான், இன்னும் யாரை வேண்டுமானாலும் சுட்டிருக்கலாம் என்கிறீர்கள். நியாயம்தான். அவன் கையிலிருந்தது நான் கொடுத்தது, அவன் எதற்கு வாங்கினான் என்று தெரிந்தே கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் சாட்சிப் பொருள் என்று இரட்டைக்குழலை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். காலையில் கிழக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். முப்பது வருடங்களுக்கு முன்பு பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

லோர்னாவுக்கு என் மேல் கோபம் இருக்காது. அந்தக் கடையில் நல்ல சரக்கின் அருமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.