தோத்தாத்ரி ஓடவில்லை

— செத்துப் போயிட்டார்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு? தோத்தாத்ரி என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு.

— சார், கோச்சுக்காதீங்க. முந்தாநேத்து சாயங்காலம்கூட என்கூட சண்டை போட்டுகினு இருந்தாரு சார்.

— யாரு?

— தோத்தாத்ரி தாத்தா.

— குடிச்சிருக்கியா?

— காலங்காத்தால இன்னா சார் இப்டி கேக்கறீங்க! நான் அதைத் தொடறதே இல்ல.

— பேர் என்ன?

— டெனிஸ். இரும்புலியூர். நாவலூர்ல ஆபீஸ் வேலை, இன்னிக்கு லீவு.

— இதோ பாரு டெனிஸ். இது லக்ஷ்மிநாராயணன் வீடு. போர்டுல போட்டிருக்கு, படி. எங்கப்பா ஏர்போர்ஸ்ல இருந்தவர். அவரோட சண்டை போட்டவன் இப்படி சாவகாசமா வந்து கேட்டைத் தட்டிண்டு நிக்க மாட்டான். கிளம்பு.

— அட்ரஸ் இதான் சார். டீம் டீ-ஷர்ட் அனுப்பறதுக்கு தாத்தாவே குடுத்தாரு. இந்தா பாருங்க, "தோத்தாத்ரி, கேம்ப் ரோடு, சேலையூர்". போன் போட்டா எடுக்க மாட்டாரு, எல்லாம் மெசேஜ்தான். சரி, மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.

— என்ன வார்த்தை?

— ஏன்யா பாதில ஓடறன்னு.

— என்ன சொன்னே?

— ஆமா சார். தோக்கப் போறோம்னு தெரிஞ்சா போதும், ஓடிடுவாரு. நான் மட்டும் சொல்லல, எங்க குரூப்பு ஃபுல்லா சொல்லுது.

— எங்கப்பாவையா?

— அவரு உங்கப்பான்னு நான் இன்னா கண்டேன்? பென்ஷன் வாங்கிகினு பொழுது போவாம ஆடற பெருசுன்னு நெனச்சோம். வீடியோ கேமு சார். சண்டை கேமு. ஆளுக்கு ஒரு பொம்மை. நான் எங்க வூட்ல, அவரு அவரு வூட்ல, நெட்டுல அடிச்சுக்குவோம். நாளைக்கு பொத்தேரில டோர்னமெண்டு கீது. டீமுக்கு மூணு பேரு. நான், அசரியா, தாத்தா. இப்ப தாத்தா வேணாம், ஏஞ்சலைப் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.

— அந்த போனைக் காட்டு. இது என்ன, எங்கப்பா பேர் பக்கத்துல சிவப்பா?

— அதான் சார் குறி. பாதில பிச்சிகினு போறவங்களுக்கு கேமே போட்டுடும். ஓடினவன்னு அர்த்தம்.

— இதை யார் யார் பார்ப்பா?

— எல்லாரும்தான். கொரியாக்காரன் ஆட வந்தான்னா அவனும் பாப்பான்.

— அழி.

— நான் எப்டி சார் அழிக்கறது?

— ரோஹிணி! ஏ ரோஹிணி! மாடியிலேர்ந்து இறங்கி வா. இப்பவே.

— என்னப்பா, மீட்டிங்ல இருக்கேன்...

— சனிக்கிழமை என்ன மீட்டிங்? வா இங்க. தாத்தா பேரை எங்க கொண்டுபோய் எழுதி வெச்சிருக்கே?

— அப்பா... இது யாரு?

— மெய்யாலுமா! நீயா தாத்தா?

— நீ டெனிஸா?

— அய்யோ, இன்னா பேஜாரு இது! அசரியா தாத்தாவுக்கு மூட்டு வலி தைலம் வாங்கித் தரேன்னான். கொஞ்சம் பலமா அடிச்சா பெருசுக்கு ஏதாவது ஆயிடும்னு நான் வேற பாத்துப் பாத்து அடிச்சுகினு இருந்தேன்!

— நீ பாத்துப் பாத்து அடிச்சியா? உன் லைஃப் கொறஞ்ச உடனே குதிப்பே. கீழ விழுந்து எழுந்திருக்கும்போதே கண்ணை மூடிண்டு அடிப்பே. நீ ஆடின ஆட்டத்தோட ரீப்ளே அத்தனையும் பார்த்திருக்கேன். அதை வெச்சுத்தான் உன்னை அடிச்சேன்.

— வாயை மூடு ரோஹிணி. கேட்டதுக்குப் பதில். தாத்தா பேர் எதுக்கு?

— பொண்ணு பேர் வெச்சா ஆட விட மாட்டாங்கப்பா. அசிங்கமா மெசேஜ் அனுப்புவாங்க. வயசான ஆம்பளை பேர் வெச்சா ஒருத்தனும் வழிய மாட்டான். அதான்.

— அது சரிதான் சார். அது மட்டும் நெசம்.

— உன்னைக் கேட்கலை. தாத்தா பேரை வெச்சுண்டே. சரி. வெச்சுண்டவ ஓடினியா?

— ஓடலை. நெட் கட் ஆச்சு.

— தோ பாரும்மா. எங்க வூட்லயும் நெட்டு வர்ற மோடம் அணையுது. கரண்டு போவுது. ஜெயிக்கும்போதும் அணையும், தோக்கும்போதும் அணையும். உங்க வூட்டு மோடத்துக்கு மட்டும் எப்டித் தெரியும், நீ தோக்கப் போறேன்னு?

— சும்மா கதை விடாதே. ரெண்டு மூணு தடவை நடந்திருக்கும்.

— ரெண்டு மூணா? அசரியாகிட்ட கேளு. ஏஞ்சல்கிட்ட கேளு. கடைசி ரவுண்டு, உன் லைஃப் இத்துனூண்டு, நான் கிட்ட வரேன், அவ்ளோதான், திரை கருப்பு. எனக்கு ஜெயிச்ச பாயிண்டும் கிடையாது, உனக்கு தோத்த பாயிண்டும் கிடையாது. பாயிண்டு எக்கேடோ கெட்டுப் போவட்டும். அதுக்காக நான் வண்டி எடுத்துகினு வரல.

— பின்ன எதுக்கு வந்தே? எங்கப்பா முன்னாடி அசிங்கப்படுத்தவா?

— நல்லா ஆடறே நீ. அதான் வயிறெரியுது. எங்க எல்லாரைவிடவும் நல்லா ஆடறே. ஆன்லைன்ல எதுக்கு ஆடறோம் சொல்லு? ரேங்க் ஏத்தி ஃபிரேம் போட்டு மாட்டவா? அடி வாங்கறதுக்கு. எங்க வாங்கினோம், ஏன் வாங்கினோம்னு உக்காந்து பாக்கறதுக்கு. நான் தோக்கும்போது குதிப்பேன்னு நீ சொன்னே பாரு, அது எனக்குத் தெரியும். உன்கிட்ட அடி வாங்கித்தான் தெரிஞ்சுது. இப்ப குதிக்கறதில்ல. ஆனா தோக்கற நேரத்துல நீ இன்னா பண்ணுவே? எனக்குத் தெரியாது. உனக்கே தெரியாது. அந்த எடத்துக்கு நீ போனதே இல்ல.

— எனக்கு லெக்சர் எடுக்காதே. உன் ரேங்க் என்ன, என் ரேங்க் என்ன?

— அந்த ரேங்க்கை நாளைக்கு மேடைல காட்டு. பக்கத்துல பக்கத்துல உக்காரணும். எதிர்ல ஆள் இருப்பான், பின்னாடி கும்பல் நிக்கும். அடி மேல அடி விழுந்துகினு இருக்கும்போது எந்திரிச்சு ஓடுவியா? ஓடினா டீமும் சேர்ந்து அவுட்டு. அதான் வேணாம்ன்றேன்.

— ஆறு மாசமா இதுக்குத்தான் ஆடிட்டு இருக்கேன் டெனிஸ். ஆபீஸ் முடிஞ்சு, ஒரு நாள் விடாம. நாளைக்கு டோர்னமெண்ட், இன்னிக்கு வந்து வேணாம்னா என்ன அர்த்தம்?

— நேத்து ராத்திரியே மெசேஜ் போட்டேனே. நீ பாத்துட்டுப் பதில் போடல.

— நீங்க என்னை நேர்ல பார்த்ததுகூட இல்லை. ஒரு சான்ஸ் குடுக்காம...

— சரி, இப்ப நேர்ல பாத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் மூஞ்சியைப் பாத்து சொல்லு. வயரைப் பிடுங்கினது நீயா, இல்லியா? இல்லைன்னு சொல்லு, டீம்ல நீதான்.

— நான்... நெட் வந்து...

— என்னைப் பாத்து சொல்லுன்றேன். தரையைப் பாத்துகினு சொல்றே.

— போதும். நிறுத்து.

— சார், நீங்க பெரியவங்க, மரியாதை குடுக்கறேன். ஆனா இது எங்க டீம் விஷயம்.

— எங்காத்துப் பொண்ணு முகத்தைப் பார்த்து விசாரணை பண்ண நீ யாரு? கேட்டுக்கு வெளியில நின்னுண்டு பேசறவன் வெளியில நின்னுண்டே கேளு. அவ அணைக்கலை. நான் அணைச்சேன்.

— இன்னாது?

— அப்பா!

— நீ வாயைத் திறக்காதே. ஆமாம் டெனிஸ், நான்தான். விளக்கேத்தற வேளையில இந்த ஆத்துல எந்த டப்பாவும் ஓடக் கூடாது. அந்த மோடத்தை நான்தான் அணைப்பேன். பொண்ணுகிட்ட கேட்டுண்டு அணைக்கணும்னு எனக்குச் சட்டம் கிடையாது. இவ எதுத்துப் பேச மாட்டா. அதனால உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டா. புரியறதா?

— அது எப்டி சார், கரெக்டா அவ தோக்கற நேரமாப் பாத்து?

— தோக்கும்போதுதானே கத்தறா! ஜெயிக்கறவ எதுக்குக் கத்தப் போறா? அதுவரைக்கும் மாடியில ஆபீஸ் வேலை பார்க்கறான்னு நான் கீழே ராமாயணம் கேட்டுண்டிருப்பேன். கத்தல் கேட்கும். தெருவே கேட்கும். பக்கத்தாத்துக்காரா எட்டிப் பார்ப்பா. விளக்கேத்தற நேரத்துல பொம்மனாட்டி கத்தறதான்னு போய் அணைச்சுடுவேன். அது உங்களுக்குத் தோக்கற நேரமா இருந்துருக்கு. எனக்கு அது ராமாயணம் கேட்கற நேரம்.

— அய்யய்யோ.

— என்ன அய்யய்யோ?

— இல்ல சார், லாஜிக்கு கரெக்டா கீது. அசரியாவும் தோத்தா அப்டித்தான் கத்துவான். அவுங்க அம்மா செருப்பைத் தூக்கிப் போடும். இன்னாம்மா நீ, முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்கப்பா அணைக்கறார்னு ஒரு வார்த்தை?

— என் பொண்ணு அவ அப்பனைப் பத்தி ஊரார்கிட்ட கோள் சொல்ல மாட்டா. அப்படி வளர்க்கலை.

— மன்னிச்சுக்கங்க சார். தப்பாப் பேசிட்டேன். தாத்தாவையும் சேர்த்து.

— மன்னிப்பு எனக்கு வேண்டாம். நாளைக்கு டீம்ல யாரு?

— தாத்தாதான் சார். ச்சீ, ரோஹிணிதான். ஏஞ்சல்கிட்ட நான் பேசிக்கறேன்.

— கொரியாக்காரன் பார்க்கற அந்தச் சிவப்புக் குறி?

— அது இனிமே ஒழுங்கா முடிச்சு முடிச்சு ஆடினா தானா போய்டும் சார். நாளாவும்.

— உங்க குரூப்பு?

— போனவுடனே சொல்லிடறேன்.

— போனவுடனே இல்லை. இப்போ. என் எதிர்ல. போனை எடு. நான் சொல்றதை எழுது.

— சார், அவ்ளோலாம் வேணுமா?

— தாத்தா ஓடினார்னு எழுதும்போது வேண்டியிருந்ததோல்லியோ? எழுது. "தோத்தாத்ரி ஓடவில்லை."

— தோத்தாத்ரி... ஓடவில்லை. ம்.

— "ஒவ்வொரு முறையும் சண்டையை நடுவில் நிறுத்தியவன் அவருடைய மகன் லக்ஷ்மிநாராயணன்."

— அப்பா, வேண்டாம்ப்பா. ப்ளீஸ். உங்க பேர் எதுக்கு?

— உன்னை வாயைத் திறக்காதேன்னேன். எழுதினியா?

— எழுதிட்டேன் சார். போட்டுட்டேன். தோ, அசரியா பாத்துட்டான். சிரிக்கறான்.

— யாரைப் பார்த்து?

— உங்களைத்தான் சார். "வில்லன் அப்பா"ன்னு போட்டுகீறான். ஏஞ்சலும் சிரிக்குது.

— சிரிக்கட்டும். என்னைப் பார்த்து எத்தனை பேர் வேணும்னாலும் சிரிக்கட்டும்.

— வரட்டா சார்? ரோஹிணி, காலைல பத்து மணிக்கு பொத்தேரி ஸ்டேஷன்ல நிக்கறோம். கன்ட்ரோலர் எடுத்துகினு வா. அங்க இன்னா ஆனாலும் எந்திரிக்கக் கூடாது, ஓகேவா? அங்க அணைக்க அப்பா இருக்க மாட்டாரு.

— ...ஓகே.

— தோத்தாலும் உக்காந்து தோக்கணும்.

— சரின்னு சொன்னேன் இல்ல? போ.

— பாரு, இப்பவும் கோவம்! வரேன் சார். தண்ணி கூடக் கேக்காம தொரத்திட்டீங்க, பரவால்ல.

— அடுத்த தடவை நல்ல வார்த்தையோட வா, காபியே தரச் சொல்றேன். கிளம்பு.

— அப்பா...

— இரு. வண்டி திரும்பட்டும்.

— அப்பா, நான் வந்து...

— இருன்னேனே. போயிட்டானா?

— போயிட்டான்.

— தெரு முனை தாண்டிட்டானா, பாரு.

— தாண்டிட்டான்ப்பா.

— கதவைச் சாத்து. தாப்பாளும் போடு. சரி, இப்ப காட்டு. மோடம் மோடம்னானே, அது எது? இந்த ஆத்துல எங்க இருக்கு?