எச்சில் சாவி

தேநீரில் விழுந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் தங்கையின் கணவர் அந்த ரகம். எனக்கும் அவருக்கும் ஒரே தொலைநோக்கி நிலையத்தில்தான் வேலை. அங்கே தொலைநோக்கி ஒரு பெரிய வட்ட மேடைமேல் நிற்கிறது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் மேடையே திரும்பும். அடியில் சக்கரங்கள் ஓடும் பள்ளத்தில் இறங்கி கிரீஸ் பூசுவது மாப்பிள்ளையின் வேலை. அவர் உள்ளே இருக்கும்போது மேடை அசையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஏற்பாடு எளிமையானது. பள்ளத்தின் வாசலில் ஒரு பூட்டுப்பெட்டி, அதில் ஒரு சாவி. இறங்குகிறவர் அதை உருவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டியில் சாவி இல்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ‘ஆள் உள்ளே’ என்று சிவப்பு எரியும். ஏறி வந்து சாவியைப் போட்டால்தான் பச்சை. பதினோரு வருடத்தில் ஒருவர்மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

மாப்பிள்ளை அந்தச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். பாக்கெட்டில் போடச் சொன்னால், “கையெல்லாம் கிரீஸ் மச்சான். பேன்ட்டு பாழானா உங்க தங்கச்சிதானே தொவைக்கணும்?” என்று இளிப்பார். ஏறி வந்ததும் எச்சிலோடு அப்படியே செருகிவிட்டுப் போவார். பின்னாலேயே நான் ஸ்பிரிட்டும் பஞ்சுமாகப் போய்த் துடைப்பேன். ஆறு வருடம் துடைத்திருக்கிறேன். அவர் சாப்பிட்டது ஏதோ சாவியின் வெட்டில் ஒட்டியிருந்த நாளும் உண்டு. அதையும் துடைத்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தங்கையைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கு நகம் வெட்டிவிட்டு, கை கழுவக் கற்றுக்கொடுத்து வளர்த்தவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மாப்பிள்ளை தன் கரண்டியை நக்கிவிட்டு அவள் தட்டிலிருந்து அள்ளினார். அவள் முகம் சுளிக்கவில்லை. அதே கரண்டியை வாங்கி அவளும் சாப்பிட்டாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “ஆரம்பிச்சிட்டியா அண்ணா? நீ வராத அன்னைக்குத்தான் நாங்க நிம்மதியா சாப்பிடறோம்.”

கோபமெல்லாம் இல்லை, ஐயா. அவளை அந்த அசிங்கத்திலிருந்து மீட்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மதியம் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பெண் பள்ளத்து வாசலில் இருந்த எனக்குப் போன் செய்தார். “சார், மேடையைச் சுத்திப் பாக்கணும். கீழ யாரும் இல்லையே?”

“திரை என்னம்மா காட்டுது?”

“பச்சைதான் சார்.”

“அப்புறம் என்ன? சுத்துங்க.”

அந்தப் பெண்மேல் தவறில்லை, அவரை விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை சாவியை எடுக்காமல் இறங்கிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருடைய லட்சணம் தெரிந்ததுதானே, நானும் மறுக்கவில்லை. ஆனால் சாவி அவர் பல்லிடுக்கில் இருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். இருந்திருக்கும். அன்றைக்கும் அவர் விதிப்படி சாவியோடுதான் இறங்கினார். “வரேன் மச்சான்” என்றதையும் அதைக் கடித்தபடியேதான் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும், என் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த மாற்றுச் சாவியைப் பெட்டியில் போட்டுத் திருப்பினேன். யார் வாயும் படாத சாவி. பச்சை எரிந்தது.

மேடை மெதுவாகத்தான் திரும்பும். கீழே முனகல் மாதிரி இரண்டு முறை கேட்டது. அவசரமாக நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதன்மேல் அவருடைய கிரீஸ் விரல் தடங்கள் பதிந்திருந்தன. தொடப் பிடிக்கவில்லை.

தங்கை என்னைப் பார்க்க மறுக்கிறாளாம். அவர் கடைசியாகக் குடித்த டம்ளரைக் கழுவாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம். ஈ மொய்க்கும், ஐயா. ஒரே ஒருமுறை என்னை விடுங்கள். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.