எப்சிபா நிறுத்தி வெச்ச மருந்து

பிரியாணி வாசனை மேடை வரைக்கும் வருது... உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா தாலி கட்டின கையோட இந்தப் புள்ளைங்க ரெண்டு பேரும் ஒண்ணு கேட்டுட்டுப் போகணும். ஒரு புருஷன் பொண்டாட்டி கதை. சின்னதுதான்... சொல்லட்டுமா?

தடுப்பூசி செய்யுற ஒரு கம்பெனி. அங்க ஜாஸ்பர்னு ஒரு தம்பி. அவன் சம்சாரம் எப்சிபா. ரெண்டு பேருக்கும் அங்கதான் வேலை. இவங்களை மாதிரியே புதுசாக் கல்யாணம் ஆனவங்க.

ஜாஸ்பருக்கு என்ன வேலை? கைக்குழந்தைங்களுக்கு டைபாய்டு தடுப்பூசி உருவாக்குற வேலை. டைபாய்டு கிருமி இருக்கே... அது மேல சர்க்கரையால ஆன ஒரு போர்வை இருக்கும். அந்தச் சர்க்கரையை மட்டும் எடுத்து ஊசி போட்டா, கைக்குழந்தை உடம்பு சட்டையே பண்ணாது. அதையே ஒரு புரதத்தோட சேத்துக் கட்டிக் குடுத்தா? முழிச்சுக்கும்! "ஓ, இவன்தான் எதிரியா!"ன்னு அடையாளம் வெச்சுக்கும். அந்த ரெண்டையும் சேத்துக் கட்டுறது ஜாஸ்பர் வேலை.

கட்டினது சரியா இருக்கான்னு பாக்குறது எப்சிபா வேலை. என்.எம்.ஆர்.னு ஒரு மெஷின். ஆஸ்பத்திரில எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பாத்திருப்பீங்கல்ல, அதே வகை. பெரிய காந்தம். கொண்டை ஊசியைக்கூடக் கழட்டி வெச்சுட்டுத்தான் கிட்டப் போவா. மருந்தை ஒரு மெல்லிசான கண்ணாடிக் குழாயில ஊத்தி இறக்கினா, உள்ள எது எதோட ஒட்டியிருக்குன்னு திரையில முகடு முகடாக் காட்டும். மருந்தை உடைக்காது, எரிக்காது... விசாரிச்சுட்டு அப்படியே திருப்பிக் குடுத்துடும்.

ஒரு தடவை ஜாஸ்பர் பிரமாதமா செஞ்சுட்டான். சர்க்கரையும் புரதமும் அதுக்கு முன்னாடி அப்படிச் சேந்ததே இல்ல. பெரிய அதிகாரி வந்து கையைக் குலுக்குறார். "சபாஷ் ஜாஸ்பர்! அடுத்து எலிக்குப் போட்டுப் பாத்துடலாம்!" ஜாஸ்பர் அம்மாவுக்கே போன் போட்டுச் சொல்லிட்டான்.

எப்சிபா குழாயை மெஷினுக்குள்ள இறக்குறா. திரையைப் பாக்குறா... ஒரு முகட்டைக் காணோம். தப்பாப் பாத்துட்டோமோன்னு வேற குழாயில ஊத்திப் பாக்குறா. அப்பவும் காணோம்.

அது என்ன முகடு? அந்தச் சர்க்கரையில அசிட்டைல்னு சின்னச் சின்னக் கொத்து ஒட்டியிருக்கும். குழந்தையோட உடம்பு முக்கியமா அடையாளம் பாக்குறதே அதை வெச்சுத்தான். அது சர்க்கரையோட முகம் மாதிரி. ரெண்டும் நல்லாச் சேந்திருக்கு... ஆனா முகம் போயிடுச்சு! ஊசி போட்டும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது?

எப்சிபா என்ன செஞ்சா? நேரா கேன்டீனுக்குப் போனா. அவன் சாப்பிட்டுட்டு இருக்கான்.

"அத்தான்... மருந்துல குறை இருக்கு. மத்தியானம் கூட்டத்துல சொல்லப் போறேன். நீங்க மொதல்ல என் வாயால கேக்கணும்."

அவன் முகம் சுண்டிப்போச்சு. "எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க. உனக்கு மட்டும் என் மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு அத்தான்... இந்த மருந்து மேலதான் இல்ல."

பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான். அவ சொன்னபடியே கூட்டத்துல சொன்னா. மருந்தை நிறுத்திட்டாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்குப் போறாங்க. எப்சிபா அவன் தோள்ல வெக்கிற கையை வண்டிக் கம்பியில வெச்சுக்கிட்டு வந்தா. அழுதாளா? அழுதாம்மா. ஆனா சொன்னதை மாத்திச் சொல்லல.

மறுநாள் காலையில மெஷின் ரூம் வாசல்ல ஜாஸ்பர் நிக்குறான். வாட்சைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கான்.

"காட்டு, எப்சி."

காட்டினா. கட்டுறதுக்கு முன்னாடி இருந்த சர்க்கரையை ஒரு பக்கம், கட்டினதை இன்னொரு பக்கம். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் மெதுவா, "நான்தான்... நல்லா ஒட்டணும் ஒட்டணும்னு காரத்தைக் கூட்டிக்கிட்டே போனேன். அதான் அந்தக் கொத்தைப் பிய்ச்சு எறிஞ்சிருக்கு"ன்னான். காரம்னா மிளகாக் காரம் இல்ல, சோடா உப்பு மாதிரி ஒரு ரசாயனம்.

மறுபடி செஞ்சான். காரத்தைக் குறைச்சு, பதமா, பொறுமையா. இந்தத் தடவை முன்ன மாதிரி அவ்வளவு சேரல. ஆனா எப்சிபா திரையைப் பாத்தா... முகடு நிக்குது! ரெண்டும் சேந்திருக்கு, முகமும் இருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ன புருஷனைத் திரும்பிப் பாத்தா. அவ சிரிச்ச சிரிப்புலயே அவனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. எலிக்குப் போட்டாங்க, நல்ல எதிர்ப்புச் சக்தி வந்துச்சு. அந்த மருந்து அப்புறம் அடுத்தடுத்த சோதனைக்கும் போச்சு.

இதை ஏன் சொல்றேன்?

டேனி... ஜெமிமா... இன்னைக்கு உங்களைச் சேத்து வெச்சிருக்கோம். சேந்தா மட்டும் போதுமா? போதாது! கெட்டியா ஒட்டணும்னு ஒருத்தரை ஒருத்தர் அவசரப்படுத்தி, அதட்டி, மாத்திட்டீங்கன்னா... வெளியில இருந்து பாக்குறவங்க "ஆஹா, என்ன ஒத்துமை!"ம்பாங்க. உள்ள ஒரு முகம் காணாமப் போயிருக்கும்.

குறை தெரிஞ்சா, அம்மாடி, எப்சிபா மாதிரி மொதல்ல அவன்கிட்டச் சொல்லு. தம்பி, உனக்குக் கோவம் வரும்... வரட்டும். மறுநாள் காலையில போய் "காட்டு"ன்னு நில்லு.

எங்க ஜெமிமா சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும், ஊருக்கே தெரியும். டேனி, அடுத்த வருஷம் நான் உன் வீட்டுக்கு வரும்போது... கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே எனக்கு அந்தச் சிரிப்பு கேக்கணும்.