கை கழுவப் போன ஆபீசர்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் டீச்சர், மற்றவர் கங்காதர நெல்லூர்க்காரத் தாய். பேச்சுக்குக் காரணமான மகள் தேவி வரவில்லை. பயிற்சி ஹாஸ்டலிலேயே இருக்கிறாளாம்.

"பணம் தர வந்தவரையே எழுப்பி அனுப்பிட்டா அக்கா, உங்க பொண்ணு" என்றார் டீச்சர்.

தாயின் குரல் இறங்கிவிட்டது. "இன்னா பண்ணா, டீச்சர்?"

"மெதுவா கத்துக்கற நம்ம பசங்களுக்கு ஓட்டல் வேலை சொல்லித்தர இன்னொரு வருசம் பணம் தரலாமான்னு பாக்க கம்பெனி ஆபீசர் வந்தாரு. சாப்பிட ஒக்காந்தாரு. 'கை கழுவினு வாங்க சார், அப்பதான் சோறு'ன்னுட்டா தேவி."

"போச்சு. மூடிடுவாங்களா?"

"சரேம்மான்னு எழுந்து போனாரு. கொழாயாண்ட சோப்பு இல்ல, நான் எதிர்க் கடைக்கு ஓடி வாங்கினு வந்தேன். கழுவினு வந்தவரு கையத் திருப்பிப் பாத்துட்டுதான் சோறு போட்டா. ஒரு வாரமா நான் எழுதின நாப்பது பக்க ஃபைல அவரு தொறக்கவே இல்லக்கா. சிரிச்சிக்கினே பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு."

"ஊட்ல அவ நைனாவையும் இப்படித்தான் எழுப்புவா." தாய் சிரித்துவிட்டுச் சுருக்குப்பையைத் திறந்தார். "சோப்பு எவ்ளோ டீச்சர்? நான் தந்துடறேன்."

"பத்து ரூபா."