டொக்டரின் போனை நான் எடுத்து வந்த விதம்

வாக்குமூலம் பெறப்பட்ட இடம் வெள்ளவத்தை பொலிஸ் நிலையம். மொழி தமிழ். சொல்பவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவருடைய சொற்களிலேயே பதியப்படுகிறது.

என்ர பெயர் மார்கிரட் றோஸி ஹியூபேட். வயது அறுபத்தொண்டு. கொட்டாஞ்சேனையில மாடிவீட்டில இருக்கிறன். வீட்டிலயே தையல் வேலை. மனுசன் ஹியூபேட், துறைமுகத்தில கிளாக்கா இருந்து பென்சன் எடுத்தவர். பொலிசுக்கு நான் வந்தது இதுதான் முதல் தரம். தண்ணி கேட்டனான், தந்தவை. டொக்டர் இராஜநாயகத்தின்ர மிஸிஸ் எனக்குப் பின்னாலயே வந்து என்னில முறைப்பாடு குடுத்திருக்கிறா எண்டும், வீட்டுக்குள்ள பலாத்காரமாப் பூந்து போனைக் களவெடுத்தனான் எண்டு அதில இருக்கு எண்டும் வாசிச்சுக் காட்டினவை. பூந்தது உண்மை. எடுத்தது உண்மை. களவு இல்லை. போன் இந்த மேசையில இருக்கு, நான்தான் கொண்டுவந்து வைச்சனான்.

டொக்டர் இராஜநாயகம் எங்கட குடும்ப டொக்டர். அவர் மற்ற டொக்டர்மார் மாதிரி நம்பர் குடுத்து ஆள் பாக்கிறவர் இல்லை. வருசத்துக்கு ஒருக்கா சந்தா கட்டோணும், கட்டினா நாங்க மெம்பர். கொஞ்சக் குடும்பத்தைத்தான் எடுப்பார், ஆரும் விலகினாத்தான் புது ஆளுக்கு இடம். மெம்பர்மாருக்குத் தன்ர சொந்தப் போன் நம்பரைத் தருவார். கியூவில நிக்கத் தேவையில்லை, சின்ன விசயமெண்டா போனிலயே சொல்லுவார், பெரிசெண்டா வீட்டுக்கே வருவார். ஒண்டை மட்டும் கண்டிப்பாச் சொல்லுவார், "எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுறதெண்டாலும் முதல்ல எனக்குப் போன் அடியுங்கோ, ரெண்டு டொக்டர் ரெண்டு மருந்து தந்தா குழப்பம்தான்" எண்டு. என்ர மனுசனுக்கு நெஞ்சில வால்வு மாத்தினது. இரத்தம் உறையாம இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை போடோணும். அது கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து, அதால அடிக்கடி இரத்தம் சோதிச்சு அளவை மாத்தோணும். முந்தி இதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில விடியவே போய் வாங்கில இருந்து காய்ஞ்சனாங்கள். மெம்பரான பிறகு அதை விட்டிட்டம். ரிப்போட்டைப் படமெடுத்து அனுப்பினா "அரைக் குளிசை குறையுங்கோ", "அதே அளவு, தொடருங்கோ" எண்டு பதில் வரும். அயலுக்குள்ள நான் கொஞ்சம் எடுப்பாத்தான் சொல்லித் திரிஞ்சனான், எங்களுக்கெண்டு ஒரு டொக்டர் இருக்கிறார் எண்டு.

அதன் பிறகு, போன மாசம் தொடக்கம், அடிச்சா டொக்டர் எடுக்கிறதில்லை. கட் பண்ணிப்போட்டு "இப்ப கதைக்கேலாது, எழுதுங்கோ" எண்டு மெசேஜ் வரும். எழுதினா கெதியாப் பதில் வரும், அதால நான் குறையா நினைக்கேல்லை. வெள்ளவத்தையில அவற்ற வீட்டுக்குக் கீழ்த் தட்டில இருக்கிற கிளினிக்குக்கும் போய்ப் பாத்தனான், திருத்த வேலை எண்டு நோட்டீஸ் ஒட்டிப் பூட்டியிருந்தது. அதன் பிறகு ரிப்போட் எடுத்தம். வழமையா வாற இலக்கத்தைவிட நல்லாக் கூடியிருந்தது. எனக்கு அந்த இலக்கம் விளங்காது, கூடினது மட்டும் விளங்கினது. படமெடுத்து அனுப்பினன். "அதே அளவு, தொடருங்கோ" எண்டு வந்தது. தொடர்ந்தம். அதன் பிறகு மனுசனுக்குப் பல் விளக்கேக்க முரசில இரத்தம் வந்தது, கையில நீலம் பாரிச்சது. அதையும் எழுதினன். "பயப்பட வேண்டாம் அம்மா" எண்டு வந்தது. அவர் என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறவர், அதால எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை.

அதன் பிறகு, இந்தச் செவ்வாய்க்கிழமை காலமை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க மனுசனுக்கு மூக்கால இரத்தம் வந்தது. துவாயை வைச்சு அமத்தியும் நிக்கேல்லை. மகன் டெரிக் வேலைக்குப் போயிட்டான். நான் டொக்டருக்கு அடிச்சன், கட் ஆச்சு. திரும்ப அடிச்சன், திரும்பவும் கட். எனக்குப் பதறிப்போச்சு. "ஐயா, உங்கட குரலைக் கேட்டாத்தான் எனக்கு உயிர் வரும், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" எண்டு எழுதினன். கொஞ்ச நேரத்தில வொய்ஸ் மெசேஜ் ஒண்டு வந்தது. டொக்டர்ர குரலேதான். "பயப்பட வேண்டாம் அம்மா, மூக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குக் குனிஞ்சு இருக்கச் சொல்லுங்கோ. உங்கட பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் சனத்துக்குள்ள வாகனம் வராது, நாளைக்கு நான் வந்து பாக்கிறன்" எண்டு சொன்னவர். அந்தோனியாரே எண்டு நெஞ்சில கை வைச்சு நான் கதிரையில இருந்திட்டன். அவ்வளவு ஆறுதல் எனக்கு.

மனுசன்தான் துவாய்க்குள்ளால சொன்னவர், "றோஸி, திருநாள் ஜூன் மாசமெல்லோ முடிஞ்சுது" எண்டு.

இது ஒக்டோபர். நான் போனில மேல தள்ளித் தள்ளிப் போனன். ஜூன் மாசம், திருநாள் அண்டைக்கும் இவருக்குக் கொஞ்சம் மூக்கால வந்தது, அப்ப டொக்டர் அனுப்பின வொய்ஸ் அங்க கிடந்தது. அதைப் போட்டுக் கேட்டன். ஒரு சொல் மாறேல்லை. நடுவில இருமுறார், அந்த இருமலும் ஒண்டுதான், பின்னால கேக்கிற பேண்ட் சத்தமும் ஒண்டுதான். டொக்டர் செத்துப்போனார், செத்த மனுசன்ர போன் எனக்குப் பதில் எழுதுது எண்டுதான் நினைச்சன். பேயைக் கண்டாலும் அப்படிப் பயந்திருக்க மாட்டன். அந்தப் பயத்தில ஒண்டும் செய்யாம போனையே பாத்துக்கொண்டு இருந்திட்டன், எவ்வளவு நேரமெண்டு தெரியாது. அதன் பிறகு மனுசன் தலை இடிக்குது எண்டார், சத்தி எடுத்தார், என்னவோ சொல்ல வந்தார், சொல் கொழகொழத்துப்போச்சு. கதிரையில இருந்து சரிஞ்சு விழுந்தார். நான் போட்ட கூச்சலில கீழ்வீட்டு ஸமீம் ஓடிவந்து அம்புலன்சுக்கு அடிச்சவர்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில, தலைக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு எண்டும், குளிசை அளவு மிஞ்சிப்போனதால எண்டும் சொன்னவை. அங்க இருந்த லேடி டொக்டர் ரிப்போட்டைப் பாத்திட்டு சிங்களத்தில "ஐ அம்மே மெச்சர பரக்கு?" எண்டு கேட்டவ, ஏன் இவ்வளவு பிந்தி எண்டு. எங்களுக்கெண்டு டொக்டர் இருக்கிறார் எண்டு சொல்ல வாய் வரேல்லை எனக்கு.

அதன் பிறகு, இண்டைக்குக் காலமை, டெரிக்கை ஆஸ்பத்திரியில விட்டிட்டு நான் டொக்டர்ர வீட்டுக்குப் போனனான். அவரோட வேலை செய்யிற பிள்ளை சாமினி கதவைத் திறந்தவ, என்னைக் கண்டதும் சாத்தப் பாத்தவ. நான் தள்ளிக்கொண்டு உள்ள போனனான். டொக்டர் ஜன்னல் பக்கம் கதிரையில இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில கிடந்தது. பாரிசவாதம், போன மாசமே வந்ததாம். நான் கிழிகிழியெண்டு கிழிக்கவேணுமெண்டுதான் போனனான். அவர் என்னைக் கண்டிட்டு "ஹியூ, ஹியூ" எண்டு தொடங்கினார், மிச்சம் வரேல்லை. என்ர மனுசனைத்தான் கேட்டவர். கண்ணால தண்ணி ஓடினது. எனக்கு ஏச ஏலாமப்போச்சு.

அதன் பிறகு, அப்ப ஆர் எனக்குப் பதில் எழுதினது எண்டு கேட்டன். சாமினி அழுதுகொண்டு சொன்னவ, "அன்ரி, சத்தியமா மருந்து விசயத்தில நான் சொந்தமா ஒரு சொல்லும் எழுதேல்லை, சேர் முந்தி உங்களுக்கு அனுப்பினதைத்தான் தேடியெடுத்து அனுப்பினனான்." ரிப்போட்டைப் பாத்தனியோ எண்டு கேட்டன். பாத்தாலும் தனக்கு விளங்காது எண்டா. டொக்டர்ர மிஸிஸ் வந்து, அவர் இன்னும் கொஞ்ச நாளில எழும்பிடுவார், அதுவரைக்கும் மெம்பர்மார் கலையாம இருக்கத்தான் தான் சாமினியை இப்படிச் செய்யச் சொன்னது எண்டா. "உங்கட ஒராளுக்குத்தானே இப்படியாச்சு, மற்ற எல்லாரும் சந்தோசமா இருக்கினம்" எண்டும் சொன்னவ. அவ அதைச் சொல்லிக்கொண்டு நிக்கேக்கயே போன் அடிச்சுது. சாமினி பழக்கத்தில அதைக் கட் பண்ணிப்போட்டு, "இப்ப கதைக்கேலாது" எண்டு எழுதத் தொடங்கினவ.

நான் போனைப் பறிச்சன். யோசிச்சுச் செய்யேல்லை. படியால இறங்கி ஓடினன், பின்னால "கள்ளி, கள்ளி" எண்டு கத்தினவை. காலி வீதியில சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. பிடிச்சு அடிப்பாங்களோ எண்டு பயம், போன் கையில திரும்பத் திரும்ப அடிக்க அது அதைவிடப் பயம். ஆரெண்டு தெரியாது, என்ன வருத்தமெண்டு தெரியாது, எடுத்து என்ன சொல்லுறதெண்டும் தெரியாது. நேர இங்கதான் வந்தனான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க மேசையில போன் திரும்ப அடிச்சுது. இதை எழுதிற சார்ஜன்ட் ஐயா என்னை எடுக்கச் சொல்லி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போட்டவர். ஒரு பொம்பிளைப் பிள்ளை, மாளிகாவத்தையில இருந்து, பேர் றொசானா எண்டு சொன்னவ. "டொக்டரா? வாப்பாக்கு இன்னம் நெஞ்சு நோவுது, நீங்க காலைல எழுதின மாதிரி குளிசய குடுத்துட்டுப் படுக்க வெச்சிக்கிறோம், இன்னம் பாத்துட்டே இருக்கவா?" எண்டு கேட்டவ. டொக்டருக்குப் பேச்சு வராது மகள், காலமை எழுதினது அவர் இல்லை, வாப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ எண்டு சொன்னன். அந்தப் பிள்ளை நம்பேல்லை. நீங்க யாரு, டொக்டர்ட போன் எப்படி உங்கட கைல எண்டு கேட்டவ. "நானும் மெம்பர்தான் பிள்ளை, என்ர மனுசனை நான் பிந்திக் கொண்டுபோனனான், அவர் இன்னும் கண் முழிக்கேல்லை" எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னோட கதைக்கேல்லை. போனை எங்கயோ வைச்சிட்டு ஓடின சத்தம் கேட்டது. "வாப்பா, எழும்புங்க வாப்பா" எண்டு கூப்பிடுறது கேட்டது. வாப்பா பதில் சொன்னது எனக்குக் கேக்கேல்லை.

மேற்படி வாக்குமூலம் எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டது. ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன், மாற்றவோ சேர்க்கவோ எதுவும் இல்லை. கைத்தொலைபேசி பொலிஸ் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

(ஒப்பம்) ம. றோஸி ஹியூபேட்