மெழுகுவர்த்தியை அணைக்கும் துப்பாக்கி

பழைய இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், கிரைடர் சார். வியர்வை பட்டால் துருவேறும். அதைவிடப் பெரிய பாவம், பளபளக்கட்டும் என்று தேய்ப்பது. நூற்றைம்பது வருடப் பழுப்பை ஒரே மத்தியானத்தில் தேய்த்துவிட்டு, பாதி விலைகூடப் போகவில்லை என்று என்னிடம் வந்து புலம்பியவர்கள் இந்த லான்காஸ்டர் வட்டாரத்தில் நிறையப் பேர்.

பழைய உள்நாட்டுப் போர்த் துப்பாக்கிகளுக்கு மதிப்புச் சொல்வது என் பிழைப்பு. என் தங்கை வெர்னாவின் கணவன் லாமர் அவற்றை ஏலம் விடுவான். "எல்வின் பாத்தாச்சு" என்று அவன் மேடையில் சொன்னால் போதும், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்குச் சொத்து என்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

நான் சாதாரணம் என்று ஒதுக்கிய ஒரு துப்பாக்கியின் கட்டையில், அந்தப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டையில் செத்த சிப்பாய் ஒருவனின் பெயரைச் செதுக்கி, லாமர் கொள்ளை விலைக்குத் தள்ளிவிட்டான். குட்டு வெளிப்பட்டதும், தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த சேகரிப்பாளர் விருந்தில் எழுந்து நின்றான்.

"நான் என்னத்தக் கண்டேன்? மச்சான் அசல்னாரு, நம்பினேன். வயசாச்சு, கண்ணு போச்சு. அவரத் திட்டாதீங்கப்பா."

என்னைக் காப்பாற்றுகிறானாம். வெர்னா தலை தூக்காமல் கோழி சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். மறுநாள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். செதுக்கியது அவள் சமையலறை மேசையில்தானாம். மரத்தூளைப் பெருக்கியதும் அவள்தானாம்.

"என்னண்ணா பண்றது, கட்டிக்கிட்டவராச்சே" என்றாள்.

லாமர் மேல் எனக்கு ஆத்திரம் இல்லை. அவன் வியாபாரி. கூடப் பிறந்தவள் ஊர் முன்னால் வாயை மூடிக்கொண்டு, என்னிடம் மட்டும் வந்து அழுதாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது. இன்றும் அறுக்கிறது.

அதன்பின் என்னை யாரும் கூப்பிடவில்லை. இந்த வசந்தத்தில் லாமர்தான் கூப்பிட்டான். "வா மச்சான், பழசெல்லாம் விடு. பின்னறைல உக்காந்து பாத்துக் குடு. உம் பேரு மட்டும் வெளிய வேணாம்."

போனேன். களஞ்சியம் ஒன்றிலிருந்து வந்த பழைய துப்பாக்கி இருந்தது. குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் இடித்து நிரப்புகிற வகை. அதில் முதல் வேலை, குழலுக்குள் நீளக் கம்பியை விட்டுப் பார்ப்பது. அடிவரை போனால் காலி. இது ஒரு சாண் முன்பே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் நிரப்பியது அப்படியே உள்ளே இருந்தது. இப்படி வருவது புதிதல்ல.

"காலிதானே மச்சான்?" என்றான் லாமர்.

காலி என்றேன்.

மேடையில் அவன் ஒரு வேடிக்கை காட்டுவான். மருந்தும் குண்டும் இல்லாமல், பொட்டுவெடி மாதிரியான சின்ன ‘கேப்’ ஒன்றை மட்டும் பொருத்தித் துப்பாக்கிக் குதிரையைத் தட்டுவான். குழலில் அடைப்பு இல்லையென்றால், அந்தக் காற்றிலேயே எதிரே இருக்கும் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது வெர்னா. ஆரம்பத்தில் கையை ஓரமாக நீட்டித்தான் பிடிப்பாள். பழகப் பழக நெஞ்சுக்கு முன்னாலேயே பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைய ஏலத்திலும் அப்படித்தான் நின்றாள்.

"பாத்துப் புடிம்மா, யாரு சோதிச்சதோ!" என்று கூட்டத்தில் ஒருவன் சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கண்ணன் சோதிச்சது" என்றாள் வெர்னா. "அண்ணன் காலின்னா காலிதான். அன்னைக்கும் அவரு சரியாத்தான் சொன்னாரு. பித்தலாட்டம் நடந்தது எங்க வீட்டுல."

லாமரின் முகம் செத்துப்போயிற்று. எனக்குக் கண் நிறைந்தது. மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து கையைக் காட்ட நேரம் இருந்தது. இதைச் சொல்ல இத்தனை நாளா என்றுதான் தோன்றியது. அவள் மேலே பேசிவிடக் கூடாதென்று லாமர் அவசரமாகக் குதிரையைத் தட்டினான்.

நீங்கள் நல்ல மனிதர். பழைய மருந்து உள்ளே கிடந்திருக்கிறது, வயதானவர், கம்பி விட்டுப் பார்க்கத் தவறிவிட்டார், விசாரணை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்காகத்தான் பாதி வழியில் திரும்பி வந்தேன். அந்தப் பழைய மருந்து ஈரம் ஏறிக் கட்டிதட்டிப் போயிருந்தது, வெடித்திருக்காது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பியவன் நான்.

எல்லோர் முன்னாலும் என் தங்கை மீட்டுக் கொடுத்த பேர் இது, சார். எல்வின் சோதிக்கத் தவறினான் என்று போலீஸ் அறிக்கையில் எழுதி, செத்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.