வெள்ளிக்கிழமைப் பூட்டு

நான் சொல்லப்போவது ஒவ்வொன்றும் சத்தியம், இன்ஸ்பெக்டர் ஐயா. வேண்டுமானால் கற்பூரம் ஏற்றுங்கள், அணைத்துச் சொல்கிறேன்.

பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. எந்தத் தோலுக்கு எவ்வளவு ரசாயனம் என்பது அங்கே கோப்பாக இருக்கும். அதைப் படித்துத்தான் இயந்திரம் டிரம்மில் ஊற்றும். வெள்ளிக்கிழமை மட்டும் ஏதாவதொரு கோப்பு கெட்டுப்போகும். முதலாளி வக்கார் அகமது ஆள் அனுப்புவார். நான் நிதானமாகப் போய், கரண்டில் கோளாறு என்று சொல்லி, பழைய நகலை எடுத்து வைப்பேன். "நீ இல்லாட்டி பேஜாராயிடும் காசிநாதா" என்று தன் கையாலேயே மக்கன் பேடா இனிப்பு தருவார்.

பிறகு தீபலட்சுமி வேலைக்கு வந்தாள். காட்பாடியில் படித்த பெண். ஜும்மா தொழுகை முடிந்து மேஸ்திரிகள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, ஒரே நேரத்தில் கணக்கை ஏற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள்.

"ஒரே ஃபைல்ல ரெண்டு பேர் எழுதறாங்க சார். பாதி இவரோடது, பாதி அவரோடது. ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் நிக்கணும், அவ்ளோதான்."

அதற்கென்று நிரலில் ஒரு பூட்டு போட்டாள்.

முதலாளி சிரித்தார். "இத்தினி வருஷமா இன்னாய்யா பண்ணிகினு இருந்த?"

பேடா அவளுக்குப் போயிற்று. அவள் அதில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என்னைக் கூப்பிட ஆள் வரவேண்டும், வேறொன்றுமில்லை. அடுத்த வெள்ளி, எல்லோரும் தொழுகைக்குப் போனதும் பூட்டைக் கழற்றினேன். ஒரு மேஸ்திரி சுண்ணாம்புக் கணக்கை ஏற்ற, இன்னொருவர் அமிலக் கணக்கை ஏற்ற, இரண்டும் ஒட்டிக்கொண்டன. இயந்திரம் படித்ததை ஊற்றியது. சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் அமிலம் விழுந்தால் எழும் புகை, ஒரு மூச்சு போதும். டிரம் வாயருகே உசாமா நின்றிருந்தான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். விழும்போதுகூடச் சத்தம் போடவில்லை. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதலாளியின் ஆள் வருவதற்காகக் காத்திருந்தேன்.

உசாமாவைக் கொன்றது நான்தான். தீபலட்சுமியை விட்டுவிடுங்கள். இதிலும் அவள் பெயர் முன்னால் வர நான் சம்மதிக்க மாட்டேன்.

அவள் பூட்டு போட்ட நாளிலிருந்து ஒரு கோப்புகூடக் கெடவில்லை என்று, என்னை வண்டியில் இங்கே கூட்டிவந்த அதே உசாமா, வெளியே ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.